இடுப்பு வளையம் முறிந்தால்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் குறளைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் அறிஞர் பலர் பேசக் கேட்டு மகிழ்ந்து வருகிறோம். இவ்வாண்டு செயற்குழுவினர் நம்மிடம் வந்து, "உங்கள் வீட்டில் நேர்ந்ததைப் பற்றியே பேசுங்கள்; காலனியில் இருசக்கர வண்டி இல்லாத வீடு ஏது?" என்றனர். நாம் மருத்துவம் பயின்றவரல்லோம். மெட்ரிகுலேஷன் தேறியதோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்பு எழுதிக் காலங்கழிப்பவர். எனினும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இருபத்திரண்டு நாள் உட்கார்ந்திருந்தோம். அங்கே கேட்டறிந்தவற்றையும், பின்னர் டாக்டர்களைத் திரும்பத் திரும்பத் தொல்லைப்படுத்தித் தெளிந்தவற்றையும் இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

நான்காண்டுகளுக்கு முன் ஒரு மழைநாள் மாலை. நம் மைத்துனர், மனைவியின் தம்பி, இருபத்தாறு வயதினர், ஓசூர்ச் சாலையில் வண்டியோட்டிச் செல்கையில் லாரி இடித்துத் தூக்கி எறியப்பட்டார். நாம் சற்றுப் பின்னால் வேறொரு வண்டியில் வந்துகொண்டிருந்தோம். ஓடிப் பார்த்தபோது உடம்பில் ஒரு துளி இரத்தம் தெரியவில்லை; தெளிவாகப் பேசினார். "இடுப்புதான் வலிக்கிறது அத்தான், காலைத் தூக்க முடியவில்லை" என்றார். அங்குக் கூடிய நல்லவர்கள் அக்குளிலும் காலிலும் பிடித்துத் தூக்கினர். நாமும் ஒரு கை கொடுத்தோம். ஆட்டோவில் நிமிர்த்தி உட்கார வைத்து, தோளில் சாய்த்துக்கொண்டு சென்றோம். ஆஸ்பத்திரி வாசலை அடையுமுன் அவர் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. அப்படித் தூக்கியதும், அப்படி உட்கார வைத்ததும் தவறு என்பதை அன்றிரவே அறிந்தோம். இப்பேச்சுக்கு நாம் இசைந்ததன் காரணமும் அதுவே.

இடுப்பெலும்பு என்று ஒருமையில் சொல்வது உண்மையில் ஒரு வளையம். வலத்திலும் இடத்திலும் இரண்டு பெரிய எலும்புகள். பின்புறம், முதுகுத்தண்டின் அடியில், அவ்விரண்டுக்கும் நடுவே ஆப்புப்போல் இறங்கி நிற்கும் முக்கோண எலும்பு. இதனைத் திரிகம் என்பர். முன்புறம், அடிவயிற்றின் கீழ், இருபக்கத்து எலும்புகளும் குருத்தெலும்பால் கூடுகின்றன. பின்மூட்டுகள் இரண்டையும் தடித்த நார்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. உடம்பின் மேற்பாதிச் சுமை முழுவதும் முதுகுத்தண்டு வழியே இறங்கி, இப்பின்மூட்டுகளைக் கடந்துதான் தொடைகளுக்குச் செல்கிறது. தாய்மார்கள் தம் கண்ணாடி வளையலை நினைத்துக்கொள்ளலாம். அது ஓரிடத்தில் மட்டும் உடைவது அரிது. இங்கே விண்டால் அங்கேயும் விண்டிருக்கும். ஆதலின் முன்புறத்தில் முறிவைக் கண்ட டாக்டர் உடனே பின்புறத்தை ஆராய்கிறார். சாதாரண எக்ஸ்ரேயில் அகப்படாதது சி.டி. ஸ்கேனில் அகப்படும்.

இவ்வளையத்தின் உட்சுவரை ஒட்டி, வலைபோல் பின்னிய மெல்லிய இரத்த நாளங்கள் உள்ளன. வளர்ந்த ஒருவர் உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. வளையம் விரிந்து நாளங்கள் கிழிந்தால், அதில் பாதியும் அதற்கு மேலும் வெளியே ஒரு சொட்டுத் தெரியாமல் உள்ளேயே தேங்கிவிடக்கூடும். முறிந்த முனைகள் அசையுந்தோறும் உறையத் தொடங்கிய இரத்தக்கட்டி கலைந்து மீண்டும் ஒழுகுகிறது. நாம் ஆட்டோவில் உட்கார வைத்துக் குலுக்கிச் சென்றது இதைத்தான் செய்தது.

ஆகவே முதல் சிகிச்சை கத்தியன்று, துணி. ஆஸ்பத்திரியில் அகன்ற பட்டை ஒன்றை அவருக்குச் சுற்றி இறுக்கினர். அப்பட்டை இல்லாத இடங்களில் படுக்கை விரிப்பையே நீளமாக மடித்துப் பயன்படுத்துவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஆனால் கட்டும் இடம் முக்கியம். வேட்டி கட்டும் இடத்தில் அன்று. அதற்குக் கீழே, தொடையின் வெளிப்புறத்தில் தடவினால் கையில் முட்டும் எலும்புப் புடைப்பின் மட்டத்தில் கட்டவேண்டும். மேலே கட்டினால் பயன் இராது. சில முறிவுகளில் தீங்கும் உண்டு. முழங்கால்களையும் பாதங்களையும் சேர்த்து வைப்பர். இப்பட்டையை ஒரு நாளைக்கு மேல் விட்டுவைத்தால் தோல் புண்ணாகும். இவற்றை எல்லாம் நடுத்தெருவில் நாமே செய்துவிட வேண்டும் என்று சொல்லவில்லை. இடுப்பு வலிக்கிறது என்று விழுந்தவர் சொன்னால் உட்கார வைக்காமல், புரட்டாமல், இடுப்பை அழுத்திப் பார்க்காமல், படுத்தபடியே விட்டு 108-ஐ அழைத்தாலே பாதி வேலை ஆயிற்று. அவ்வண்டி கர்நாடகத்தில் 2008 நவம்பர் முதல் ஓடுகிறது. அதில் பலகையும் பட்டையும் பழகிய கையும் உண்டு. ஆட்டோவில் இவை இல்லை.

அன்றிரவு ஊசி மூலம் ஏற்றிய மருந்து ஒன்றைப் பற்றியும் ஒரு சொல். டிரானெக்ஸாமிக் அமிலம் என்பது அதன் பெயர். இரத்தக்கட்டி கரைவதைத் தடுக்கும் மலிவான மருந்து. ஜப்பானில் ஒகமோட்டோ என்னும் விஞ்ஞானத் தம்பதியர் 1962-இல் வெளியிட்டது. இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட விபத்து நோயாளிகளிடம் பல நாடுகளில் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2010-இல் வெளிவந்த பின்னரே இது விபத்துச் சிகிச்சையில் பரவியது. அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்மை. இதனாலும், எலும்பை நெருக்குவதாலும் ஒழுக்கு நிற்காவிடில், நாளத்தை உள்ளிருந்தே அடைப்பதும், அடிவயிற்றைத் திறந்து துணி வைத்து அழுத்துவதும் உண்டு. நம் மைத்துனருக்கு அவை தேவைப்படவில்லை.

இரவு பதினொரு மணிக்குச் சுற்றத்தார் கூடிவிட்டனர். ஜோலார்பேட்டையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "கத்தி வேண்டாம்; புத்தூர்க் கட்டுப் போட்டால் ஒட்டிக்கொள்ளும்" என்றார். கை முறிவுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டவர் நம்மில் பலர் இருக்கலாம். அதைப் பற்றி இங்கு வாதமில்லை. ஆனால் மூங்கிற் பத்தையை வைத்துக் கட்டுவதற்கு இடுப்பில் இடம் எங்கே? முறிந்தது உடம்பின் நடுவே, குடலுக்கும் மூத்திரப்பைக்கும் பின்னால் அன்றோ இருக்கிறது! மற்றொருவர், "எது விலை அதிகமோ அதைச் செய்யச் சொல்லுங்கள்" என்றார். நாமோ, வெட்கத்தோடு சொல்கிறோம், அறுவை டாக்டரிடம் சண்டைக்கே போனோம். அன்றிரவு வெளியில் கம்பிச் சட்டம் போடுவதாகவும், சில நாள் கழித்து உள்ளே பொருத்துவதாகவும் அவர் சொன்னார். "ஒரே தடவையில் திறந்து எல்லாவற்றையும் முடித்துவிடக் கூடாதா? இரண்டு ஆபரேஷன் என்பது பில்லை நீட்டவா?" என்று கேட்டுவிட்டோம். அவர் சினங்கொள்ளவில்லை. "இன்றிரவு நான் எலும்புக்காக அவரை உள்ளே கொண்டுபோகவில்லை, இரத்தத்துக்காகக் கொண்டுபோகிறேன். எலும்பை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். வெளுத்துக் கிடக்கும் உடம்பை நீண்ட நேரம் திறந்து வைத்தால் அதுவே இரண்டாவது விபத்தாகிவிடும் என்பதைப் பிறகு விளக்கினார்.

பழங்காலத்தில் என்ன செய்தார்கள் என்பது ரயில்வேக் குடும்பத்தாராகிய நமக்குத் தெரியும். நம் தந்தையாரும் இத்துறையினரே. ஷன்டிங்கின்போது இரு வேகன்களின் பஃபர்களுக்கிடையே இடுப்பு நசுங்கிய பாயின்ட்ஸ்மன் ஒருவரைப் பற்றி அவர் அடிக்கடி சொல்வார். திருகுக் கப்ளிங்கை மாட்ட மனிதர் நடுவே நுழைய வேண்டியிருந்த காலம் அது. அவரைக் கான்வாஸ் தொட்டிலில் இடுப்பைத் தொங்கவிட்டு, காலில் எடை கட்டி, மூன்று மாதம் கிடத்தினராம். எலும்பு ஒட்டியது, ஆனால் ஏறிய இடத்திலேயே ஒட்டியது. ஒரு கால் இரண்டு விரற்கடை குட்டையாகி, கடைசிவரை சாய்ந்தே நடந்தார். மெக்சிகோ நாட்டு ஓவியர் ஃபிரிடா காலோவின் கதையும் இத்தகையதே. 1925 செப்டம்பர் 17-இல், பதினெட்டு வயதில், அவர் சென்ற பேருந்தின்மேல் டிராம் வண்டி மோதியது. இரும்புக் கைப்பிடிக் கம்பி இடுப்பை ஊடுருவியது. இடுப்பும் முதுகுத்தண்டும் பல இடங்களில் முறிந்தன. அக்காலத்துக்கு இயன்றது படுக்கையும் மாவுக்கட்டுமே. படுத்தபடியே ஓவியம் வரையத் தொடங்கி உலகப் புகழ் பெற்றார். எனினும் வலி 1954-இல் இறக்குமட்டும் அவரை விடவில்லை. குழந்தைப் பேறும் வாய்க்கவில்லை.

இனி முறைகளுக்கு வருவோம். டொரன்டோ நகரத்து மார்வின் டைல் என்னும் அறுவை வல்லுநர் இம்முறிவுகளை மூன்றாக வகுத்தார். இன்றும் அந்த வகுப்பு வழங்குகிறது. முதல் வகையில் வளையம் கலையாமல் உறுதியாக நிற்கிறது. இரண்டாம் வகையில் விரித்த ஏட்டைப்போல் முன்னே பிளந்தோ, பக்கவாட்டில் நெருங்கியோ சுழன்றிருக்கிறது. ஆயினும் பின்னார்கள் முழுதும் அறவில்லை, ஆதலின் மேலேறவில்லை. மூன்றாம் வகையில் பின்புறமும் முற்றும் விட்டு, அந்தப் பக்கத்து எலும்பே மேல்நோக்கி நழுவிவிடுகிறது. பாயின்ட்ஸ்மனுக்கு நேர்ந்ததும் நம் மைத்துனருக்கு நேர்ந்ததும் இது. "எந்த ஆபரேஷன் நல்லது?" என்று நாம் கேட்டுக்கொண்டே இருந்தோம். "பின்புறம் எவ்வளவு விட்டிருக்கிறது?" என்று கேட்டிருந்தால் விடை தானே கிடைத்திருக்கும்.

வெளிச் சட்டம் என்பது இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலோ அதற்குச் சற்றுக் கீழோ இருபுறமும் திருகாணிகளை இறக்கி, தோலுக்கு வெளியே கம்பிகளால் பிணைப்பது. விரைவில் போடலாம், பெரிய வெட்டு இல்லை, இரத்த இழப்பு மிகக் குறைவு, குடல் கிழிந்து வயிறு அசுத்தப்பட்டிருந்தாலும் போடலாம். குறை யாதெனில், அது முன்புறத்தைப் பிடிக்குமே தவிர பின்புறத்தை நன்கு பிடிக்காது. மூன்றாம் வகை முறிவில் அதை மட்டும் நம்பினால் எலும்பு மெல்ல மேலேறும். ஆணித் துளைகளில் சீழ் பிடிப்பதும் உண்டு. அடுத்த கட்டிலில் இருந்த ஓசூர்ப் பெரியவருக்கு முறிவு இரண்டாம் வகை, குடலிலும் காயம். ஆகவே உள்ளே தகடு வைக்காமல் சட்டம் ஒன்றோடே பல வாரம் விட்டுவிட்டனர். அவர் மனைவியார் நாள்தோறும் உப்புநீரால் ஆணியடிகளைத் துடைத்து, சட்டத்தின்மேல் பழைய புடவையைக் கூடாரம்போல் விரித்துவைப்பார். ஒருக்களித்துப் படுக்க முடியாமல் அவர் பட்ட பாட்டை நாமே கண்டோம். பின்னர் நன்றாகவே நடந்தார். மூன்று ஆணி மலிவாகத் தோன்றியதே என்று நாம் ஏளனமாய் நினைத்தது அவருக்குப் போதுமான சிகிச்சையாக இருந்தது.

தகடு பொருத்துவது அடுத்தது. நம் துறையில் ஃபிஷ் பிளேட் என்று ஒன்று உண்டு. இரு தண்டவாள முனைகளைச் சேர்த்துவைத்து, பக்கத்தில் இரும்புப் பட்டையைப் போட்டு, போல்ட்டால் முடுக்குவது. அடிவயிற்றின் கீழே குறுக்காகத் திறந்து, பிளந்த முன்மூட்டை நெருக்கி, வளைந்த தகட்டைப் பதித்துத் திருகாணி முடுக்குவதும் அதே வேலைதான். முன்மூட்டு 2.5 சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் பின்னார்களும் கிழியத் தொடங்கியிருக்கும் என்பது கணக்கு. அப்போது தகட்டை நாடுவர். சட்டத்தைவிட இது முன்புறத்தை உறுதியாகப் பிடிக்கும். நோயாளி புரண்டு படுக்கலாம், லுங்கி கட்டலாம். ஆனால் மூத்திரப்பையை ஒட்டிய இடம். வழியில் குறுக்கிடும் இரத்தக்குழாய் ஒன்றுக்கு அந்நாளைய மருத்துவர் 'மரண மகுடம்' என்றே பெயரிட்டிருக்கின்றனர். அது அறுந்தால் நிறுத்துவது கடினம். அம்மூட்டு இயற்கையிலேயே சிறிது அசைவதாதலின், ஆண்டுகள் சென்றபின் ஒன்றிரண்டு ஆணி தளர்வதும் தகடு முறிவதும் உண்டு. எக்ஸ்ரேயில் அதைக் கண்டு பலர் நடுங்குகின்றனர்; பெரும்பாலும் அதனால் கேடில்லை, வலியும் இருப்பதில்லை.

மூன்றாவதே நம் கதையின் நடுப்பகுதி. பின்புறத்தை எப்படிப் பிடிப்பது? முன்பெல்லாம் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகடியைத் திறந்து தகடு பதித்தனர். நசுங்கிய தோலில் வெட்டினால் ஆறாமல் சீழ் பிடித்தது. இப்போது பெரும்பாலும் பக்கவாட்டில் விரல் நுழையுமளவு கீறலே போதும். சி-ஆர்ம் என்னும் எக்ஸ்ரேக் கருவியை வளைத்து வளைத்துப் பார்த்தபடி, மெல்லிய வழிகாட்டிக் கம்பியை இடுப்பெலும்பின் வழியே திரிகத்துக்குள் செலுத்தி, அதன்மேல் நடுவே துளையுள்ள, ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் பருமனுள்ள நீண்ட திருகாணியை முடுக்குகின்றனர். இரத்தம் அதிகம் போவதில்லை, தோலும் பிழைக்கிறது. ஆனால் முன்னே ஒரு நரம்பு, பின்னே நரம்புத் துளைகள். இடையே உள்ள வழி மிகக் குறுகியது. சிலருக்குத் திரிகத்தின் வடிவமே வேறாக இருந்து வழி இன்னும் ஒடுங்கிவிடும். கம்பி சிறிது பிசகினால் பாதத்தைத் தூக்கும் வலுவே போய்விடலாம். நழுவிய எலும்பை முதலில் இடத்துக்குக் கொண்டுவராமல் ஆணி அடித்தால், கோணலை நிலைக்கச் செய்ததாகவே முடியும். ஆகவேதான் இதற்குப் பழகிய கை வேண்டும் என்பது. கருவியின் விலை இரண்டாவது.

ஆறாம் நாள் நம் மைத்துனருக்கு முன்னே தகடும் பின்னே ஒரு திருகாணியும் வைத்து, சட்டத்தைக் கழற்றினர். மூத்திரக்குழாயும் அறுந்திருந்தமையால் அடிவயிற்றில் துளையிட்டுக் குழாய் வைத்திருந்தனர். இதனை அவையில் சொல்லத் தயக்கந்தான். ஆயினும் இம்முறிவில் ஆண்களுக்கு இது நேர்வதுண்டு. இல்லறத்தைப் பற்றிய கவலையும் உடன் வரும். இளைஞர்கள் வெட்கப்பட்டு மறைத்துவிடுகின்றனர். டாக்டரிடம் கேட்டால் அதற்கும் மருத்துவம் உண்டு.

அண்மைக் காலத்தில் வந்த முறை ஒன்று, வெளிச் சட்டத்தையே தோலுக்கடியில் கொண்டுபோய்விட்டது. முதுகுத்தண்டு அறுவையில் பயன்படும் ஆணிகளை இருபுறமும் இறக்கி, வளைத்த கம்பியொன்றை அடிவயிற்றுத் தோலுக்குக் கீழே கோத்துவிடுகின்றனர். உடம்பு பருத்தவர்களுக்கு இது வசதி. தொடையின் வெளிப்புறம் மரத்துப்போவது பலருக்கு நேர்கிறது. கம்பியை ஆழமாக அழுத்தி வைத்துவிட்டால் தொடை நரம்பே நசுங்கும். சில மாதத்தில் எடுக்க இன்னொரு சிறு அறுவை வேண்டும். இதுவும் முன்புறத்துக்கே உரியது என்பதை மறவாதீர்கள். பின்புறம் மிகவும் நொறுங்கியவர்க்கு முதுகுத்தண்டையும் இடுப்பையும் கம்பியால் பிணைக்கும் பெரிய அறுவையும் உண்டு. தொடையெலும்பின் தலை பொருந்தும் கிண்ணம் உடைந்தால் அது வேறு கதை; பாரிஸ் நகரத்து ஜூடே, லெதூர்னெல் ஆகியோர் 1964-இல் வெளியிட்ட வழியைப் பின்பற்றுகின்றனர். வளையத்தையும் கிண்ணத்தையும் ஒன்றாக நினைத்து, "அவருக்குச் செய்தது இவருக்கு ஏன் செய்யவில்லை?" என்று நாமும் தாழ்வாரத்தில் வாதிட்டதுண்டு.

அறுவையே வேண்டாத வகை ஒன்றும் நம் வீடுகளில்தான் மிகுதி. குளியலறையில் வழுக்கி விழும் பாட்டிமார்க்கு முன்னெலும்பில் கீறல் விழுகிறது. வளையம் உறுதியாகவே இருக்கிறது. டாக்டர் வலி மருந்து கொடுத்து, வாக்கரைப் பிடித்து இரண்டொரு நாளிலேயே எழுந்து நடக்கச் சொன்னால், கவனியாமல் அனுப்பிவிட்டார் என்று எண்ண வேண்டா. "எலும்பு உடைந்தவரை நடக்கவிடுவதா!" என்று ஒன்றரை மாதம் கட்டிலில் கிடத்தினால், படுக்கைப் புண்ணும் நெஞ்சுச் சளியும் காலில் இரத்தம் உறைதலும் வந்து சேரும். முதியோரை முறிவைவிடப் படுக்கையே அதிகம் கொல்கிறது.

பணத்தைப் பற்றி ஓரிரு சொற்கள். 2016 பிப்ரவரியில் நெலமங்கலத்தருகே லாரி ஏறி உடல் இரண்டாகத் துண்டிக்கப்பட்ட ஹரீஷ் என்னும் இளைஞர், உயிர் பிரியுமுன் தம் உறுப்புகளைத் தானமாகக் கொடுக்கச் சொன்னதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவருடைய கண்கள் பிறர்க்கு ஒளியாயின. விபத்தில் அடிபட்டவர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் திட்டம் ஒன்றைக் கர்நாடக அரசு அவ்வாண்டே அவர் பெயரால் தொடங்கியது. நடுவண் அரசு 2025 மே மாதத்தில் அறிவித்த திட்டப்படி, சாலை விபத்தில் சிக்கியவர்க்கு முதல் ஏழு நாளுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை முன்பணமின்றிச் சிகிச்சை உண்டு. விழுந்தவருக்கு உதவியவரைப் போலீஸ் தொல்லைப்படுத்தக் கூடாது என்பதும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே ஏறிவிட்டது. ஆதலின் பணத்துக்கும் போலீசுக்கும் அஞ்சி அவசரமாக ஆட்டோவில் அள்ளிப் போட வேண்டியதில்லை.

நம் மைத்துனர் மூன்று மாதம் ஊன்றுகோலோடு இருந்தார்; அடிபட்ட பக்கத்துக் காலில் எடை வைக்க அதுவரை அனுமதியில்லை. கால்கள் இரண்டும் ஒரே நீளம். மூத்திரக்குழாய்க்குப் பின்னர் இன்னோர் அறுவை நடந்தது. இன்றும் மழைக்காலத்தில் முதுகடி வலிக்கிறது. தரையில் சம்மணமிட்டு நெடுநேரம் இருக்க இயலாது. சென்ற தை மாதம் அவருக்குத் திருமணம் நடந்தது. மணவறையில் மட்டும் நாற்காலி போட்டோம், புரோகிதர் இசைந்தார். இப்போது மூன்றாம் வரிசையின் ஓரத்தில், கைப்பிடி வைத்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். விருந்தின்போது தொண்டர்கள் அவரைப் பந்திப் பாயில் உட்கார வற்புறுத்தாமல், அந்த நாற்காலியையே கூடத்துக்கு எடுத்து வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.